ஆபரேஷன் ஐவி: ஈராண்டுகளே இருந்த ஒரு ஸ்கா பங்க் குழுவைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜமைக்காவின் ஸ்கா தாளத்தையும், வேகமான முரட்டு ராக் இசையான பங்கையும் கலந்த ஸ்கா பங்க் இசையை எந்தக் குழுவிலிருந்து கேட்கத் தொடங்கினாலும், சில நாட்களுக்குள் ஆபரேஷன் ஐவி என்ற பெயர் எதிரே வந்து நிற்கும். அந்தப் பெயரைச் சுற்றி உண்மையும் புராணமும் சம அளவில் சேர்ந்திருப்பதால், புதிதாகக் கேட்பவர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்குரிய விடைகள் இங்கே ஒரே இடத்தில் தரப்படுகின்றன.

இந்தக் குழு எந்த ஊரைச் சேர்ந்தது? எவ்வளவு காலம் இயங்கியது?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் உள்ள பெர்க்லி நகரில், 1987ஆம் ஆண்டு மே மாதம் இது தொடங்கப்பட்டது. 1989ஆம் ஆண்டு மே மாதம் கலைந்துவிட்டது. இந்த இரண்டு ஆண்டுகளில் குழு வெளியிட்டவை ஓர் ஏழு அங்குல இசைத்தட்டு, ஒரு முழுநீள எல்.பி., வேறொரு தொகுப்பில் இடம்பெற்ற இரண்டு பாடல்கள் ஆகியவை மட்டுமே. எல்லாவற்றையும் கூட்டினால் 27 பாடல்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் குழுவின் வாழ்நாள் உழைப்பு முழுவதையும் கேட்டு முடித்துவிடலாம்.

ஸ்கா என்பது என்ன? அது பங்க் இசையுடன் எப்படிச் சேர்ந்தது?

ஸ்கா ஜமைக்காவில் 1950களின் இறுதியில் உருவான ஆட்ட இசை. அக்காலத்தில் கிங்ஸ்டன் நகரத் தெருக்களில் பெரிய ஒலிபெருக்கிகளைக் கொண்டுவந்து அடுக்கி, அமெரிக்காவிலிருந்து தருவித்த ரிதம் அண்ட் புளூஸ் இசைத்தட்டுகளைப் போட்டு மக்களை ஆடவைப்பது ஒரு தொழிலாகவே நடந்தது. அந்த ஏற்பாட்டுக்கு 'சவுண்ட் சிஸ்டம்' என்று பெயர். கிளெமென்ட் 'காக்ஸன்' டாட், டியூக் ரீட், பிரின்ஸ் பஸ்டர் ஆகியோர் இத்தொழிலில் ஒருவரோடொருவர் கடுமையாகப் போட்டியிட்டனர். புதிய அமெரிக்கத் தட்டுகளின் வரத்து குறைந்தபோது, உள்ளூர்க் கலைஞர்களை அமர்த்தித் தாங்களே பாடல்களைப் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். அப்போது தாளத்தின் அழுத்தம் இடம் மாறியது. நமக்குப் பழக்கமான சொல்லில் கூறுவதானால், கிட்டார் வீச்சு எண்ணிக்கையின் மேல் விழாமல் அரை இடம் தள்ளி விழத் தொடங்கியது. காலால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தட்டிக்கொண்டே, ஒவ்வொரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். கை விழும் இடம்தான் ஸ்கா கிட்டாரின் இடம்.

1962ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஜமைக்கா விடுதலை பெற்றபோது, அந்தக் கொண்டாட்டத்தின் ஒலியாக இருந்தது ஸ்காதான். அதன் வேகம் படிப்படியாகத் தணிந்து முதலில் ராக்ஸ்டெடி ஆகவும் பின்னர் ரெகே ஆகவும் மாறியது. பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்த ஜமைக்கர்கள் பழைய தட்டுகளைத் தம்மோடு கொண்டு சென்றிருந்தனர். 1979ஆம் ஆண்டு, கார்த் தொழிற்சாலைகள் நிறைந்த கவென்ட்ரி நகரில், ஜெரி டாமர்ஸ் என்பவர் டூ டோன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை ஆரம்பித்தார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நின்ற தி ஸ்பெஷல்ஸ், தி செலக்டர் போன்ற குழுக்கள் பழைய ஸ்காவைப் பங்க் இசையின் படபடப்போடு வாசித்தன. இன்றும் ஸ்கா ரசிகர்களின் சட்டையிலும் தொப்பியிலும் காணப்படும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அந்த நிறுவனத்தின் அடையாளத்திலிருந்து வந்தவை.

அந்த அலை பெர்க்லி வரை எட்டியது. அந்நகரின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 1980களின் தொடக்கத்தில் தி அப்டோன்ஸ் என்ற ஸ்கா குழுவை நடத்திவந்தார்கள். அதன் நிகழ்ச்சிகளைப் பார்த்து வளர்ந்த சிறுவர்களில் சிலர்தான் பின்னாளில் ஆபரேஷன் ஐவி ஆனார்கள். ஆகவே இவர்களுக்கு ஸ்கா தொலைதூரத்துப் பொருளாக இருக்கவில்லை. பக்கத்துத் தெரு அண்ணன்கள் வாசித்த இசையாக இருந்தது. இவர்கள் செய்த புதுமை, அந்தத் தாளத்தை, பங்கின் இன்னும் வேகமான முரட்டு வடிவமான அமெரிக்க ஹார்ட்கோர் பங்கின் வேகத்தோடு ஒரே பாட்டுக்குள் வைத்துத் தைத்ததுதான். பாட்டின் அடிகளில் கிட்டார் அரை இடம் தள்ளி வெட்டி வெட்டி ஒலிக்கும்; பல்லவி வந்ததும் அதே கிட்டார் இடைவெளியே இல்லாமல் இரையத் தொடங்கும். பின்னாளில் ஆயிரக்கணக்கான குழுக்கள் அச்சுப்போல் பின்பற்றிய வடிவம் இது.

இவர்களிடம் ஊதுகருவிகள் இல்லையே. அதை ஸ்கா என்று சொல்லலாமா?

சொல்லலாம். டிரம்பெட்டும் டிராம்போனும் இருந்தால்தான் ஸ்கா பங்க் என்ற எண்ணம் 1990களின் வானொலிப் பாடல்களால் ஏற்பட்டது. ஆபரேஷன் ஐவி குழுவில் இருந்தவை கிட்டார், பேஸ் எனப்படும் தாழ்ந்த சுருதிக் கிட்டார், டிரம்ஸ், குரல் ஆகிய நான்கு மட்டுமே. 'பேட் டவுன்' என்ற ஒரு பாடலில் மட்டும் வெளியிலிருந்து வந்த ஒருவர் சாக்ஸஃபோன் வாசித்தார். ஊதுகருவிகள் நிரப்ப வேண்டிய இடத்தை மாட் ஃப்ரீமனின் பேஸ் நிரப்பியது. பெரும்பாலான பங்க் குழுக்களில் பேஸ் கிட்டாரின் நிழலாகவே ஒட்டிக்கொண்டு வரும். இவருடையதோ ஓரிடத்தில் நில்லாமல் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கிறது. நல்ல ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு பேஸை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை முழுத் தொகுப்பையும் கேட்பது வீண் வேலை அல்ல.

அந்த விசித்திரமான பெயர் எங்கிருந்து வந்தது?

அது அணுகுண்டுச் சோதனை ஒன்றின் பெயர். 1952ஆம் ஆண்டு நவம்பர் மாதம், பசிபிக் பெருங்கடலில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த எனிவெடாக் பவளத்தீவில் அமெரிக்கா இரண்டு குண்டுகளை வெடித்த நடவடிக்கைக்கு ஆபரேஷன் ஐவி என்று பெயரிடப்பட்டிருந்தது. நவம்பர் 1 அன்று வெடிக்கப்பட்ட 'மைக்' என்பது முழு அளவில் சோதிக்கப்பட்ட முதல் ஹைட்ரஜன் குண்டு. அதன் ஆற்றல் 10.4 மெகா டன். குண்டு வைக்கப்பட்டிருந்த எலுகெலாப் என்ற சிறு தீவு அதற்குப் பின் வரைபடத்தில் இல்லை. கடலடியில் ஒரு பள்ளம் மட்டும் இருக்கிறது. எனிவெடாக்கின் பூர்வகுடி மக்கள் அதற்கு முன்பே, 1947இல், வேறு தீவுக்கு அப்புறப்படுத்தப்பட்டிருந்தார்கள்.

அந்த அணு ஆயுதங்களை வடிவமைத்த லாஸ் அலமோஸ் ஆய்வகத்தையும், அதே 1952இல் தொடங்கப்பட்ட லிவர்மோர் ஆய்வகத்தையும் அப்போது நிர்வகித்தது கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். அதன் தலைமை வளாகம் பெர்க்லியில் இருக்கிறது. இளைஞர்கள் இதையெல்லாம் எண்ணித்தான் பெயர் வைத்தார்கள் என்று நான் வாதிடமாட்டேன். ஆனால் கெடுபிடிப் போரின் கடைசி ஆண்டுகளில் அந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு அணுகுண்டு உள்ளூர்ச் சமாசாரமாகவும் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

குழுவின் உறுப்பினர்கள் யார்?

கிட்டார் வாசித்த டிம் ஆம்ஸ்ட்ராங்கும் பேஸ் வாசித்த மாட் ஃப்ரீமனும் பெர்க்லியை ஒட்டிய ஆல்பனி என்ற சிறு நகரில் சிறு வயது முதலே நண்பர்களாக இருந்தவர்கள். இதற்கு முன் பேசிக் ரேடியோ என்ற குழுவில் இருவரும் சேர்ந்து வாசித்தனர். ஆம்ஸ்ட்ராங் அக்காலத்து இசைத்தட்டு உறைகளில் 'லின்ட்' என்ற புனைபெயரில்தான் காணப்படுகிறார். டிரம்ஸ் வாசித்தவர் டேவ் மெல்லோ. பாடியவரும் பெரும்பாலான வரிகளை எழுதியவரும் ஜெஸ்ஸி மைக்கேல்ஸ். அப்போது அவருக்கு வயது 18. அவருடைய தந்தை லெனார்ட் மைக்கேல்ஸ், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றிய புகழ்பெற்ற சிறுகதை எழுத்தாளர். இசைத்தட்டு உறைகளின் ஓவியங்களையும் ஜெஸ்ஸியே வரைந்தார். மெல்லிய தொப்பியும் ஒல்லி உடலுமாகக் கால்களை மடக்கித் துள்ளும் அந்த மனிதனின் உருவத்தை, இசையை ஒருபோதும் கேட்டிராதவர்கள்கூடச் சட்டைகளில் பார்த்திருப்பார்கள்.

'924 கில்மேன்' என்று எல்லோரும் குறிப்பிடுகிறார்களே, அது என்ன இடம்?

இந்தக் குழுவின் வரலாற்றைப் பாதிக்கு மேல் அந்த இடத்தின் வரலாறு என்றே சொல்லிவிடலாம். கலிஃபோர்னியாவில் 21 வயது நிரம்பாதவர்கள் மதுக்கூடங்களுக்குள் நுழைய முடியாது. ராக் இசை நிகழ்ச்சிகள் பெரும்பாலும் மதுக்கூடங்களில்தான் நடந்தன. கட்டணத்தைவிட மது விற்பனையில்தான் அவற்றுக்கு வருமானம். ஆகவே 16 வயதில் குழு தொடங்கிய ஒருவருக்கு வாசிக்கவும் இடமில்லை, தன் வயதை ஒத்தவர்களுக்குக் கேட்கவும் இடமில்லை. மேக்சிமம் ராக்கன்ரோல் என்ற பங்க் இதழை நடத்திவந்த டிம் யோஹானனும் அவருடன் சேர்ந்த பல தன்னார்வலர்களும் இதற்கு மாற்றாக, பெர்க்லியில் கில்மேன் தெருவில் பழைய கிடங்குக் கட்டடம் ஒன்றின் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்தார்கள். அதே கட்டடத்தில் நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னும் பொருட்களை விற்கும் கடை ஒன்று இருந்தது. 1986ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று அரங்கில் முதல் நிகழ்ச்சி நடந்தது.

உள்ளே நுழைய ஆண்டுக்கு 2 டாலர் கொடுத்து உறுப்பினர் அட்டை வாங்க வேண்டும். மது இல்லை, போதைப்பொருள் இல்லை, அடிதடி இல்லை, இனவெறியும் பெண்வெறுப்பும் ஒருபால் ஈர்ப்பினர் மீதான வெறுப்பும் கூடாது என்ற விதிகள் சுவரிலேயே எழுதப்பட்டிருந்தன. வாசலில் சீட்டுக் கிழிப்பவரும், ஒலியமைப்பைக் கவனிப்பவரும், நிகழ்ச்சி முடிந்ததும் துடைப்பம் எடுப்பவரும் சம்பளமில்லாத உறுப்பினர்களே. முடிவுகள் கூட்டத்தில் வாக்கெடுத்து எடுக்கப்பட்டன. இந்தக் கூட்டங்கள் எவ்வளவு நீண்டிருக்கும் என்பதை நம் ஊர்ச் சங்கக் கூட்டங்களுக்குச் சென்றவர்கள் எளிதில் ஊகிக்கலாம். எல்லாமே கொள்கையாக இருந்தது என்றும் எண்ணிவிட வேண்டாம்: ஐஸாக்ரசி என்ற குழு நிகழ்ச்சிக்கு வரும்போதே குப்பையைச் சேகரித்துக் கொண்டுவந்து கூட்டத்தின் மேல் கொட்டும், கூட்டமும் அதைத் திருப்பி எறியும்.

ஆபரேஷன் ஐவி முதன்முதலில் வாசித்தது டேவ் மெல்லோ வீட்டுக் கார்க் கொட்டகையில். அடுத்த நாளே கில்மேன் மேடையில் ஏறினார்கள். அதன்பின் அந்த அரங்கின் வீட்டுக் குழுவைப் போலவே ஆகிவிட்டார்கள். மேடை தரையிலிருந்து அதிக உயரமில்லை. பாடகருக்கும் முன்வரிசைக்கும் இடையே தடுப்பு இல்லை. பாதிப் பாட்டை ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்ட ரசிகர்களே பாடிவிடுவார்கள். இவர்களுடைய பல பல்லவிகள் கூட்டமாகச் சேர்ந்து கத்துவதற்கு ஏற்றாற்போல் ஏன் அமைந்திருக்கின்றன என்ற கேள்விக்கு அந்த அறையே விடை. சண்டைக்கென்றே வந்துசேர்ந்த இனவெறிக் கும்பல்களின் தொல்லை அந்நாளைய பங்க் அரங்குகள் பலவற்றைப் போலக் கில்மேனுக்கும் இருந்தது. 'யூனிட்டி' போன்ற பாடலை அந்தப் பின்னணியோடு கேட்டால், ஒற்றுமையைப் பற்றிய பொதுவான அறிவுரையாக ஒலிக்காது. முன்வரிசையில் கைகலப்பில் இறங்குபவனின் முகத்தைப் பார்த்துச் சொல்வதுபோல் ஒலிக்கும்.

இசைத்தட்டுகளை யார் வெளியிட்டார்கள்?

முதலில் வெளிவந்தவை மேக்சிமம் ராக்கன்ரோல் 1987இல் கில்மேன் குழுக்களைத் திரட்டி வெளியிட்ட 'டர்ன் இட் அரவுண்ட்!' என்ற தொகுப்பில் இடம்பெற்ற இரண்டு பாடல்கள். அந்தத் தொகுப்புக்காக உழைத்த டேவிட் ஹேஸ், லாரி லிவர்மோர் என்பவருடன் சேர்ந்து லுக்அவுட் ரெக்கார்ட்ஸ் என்ற நிறுவனத்தை நடத்தத் தொடங்கினார். லாரி லிவர்மோர் என்பது புனைபெயர்; ஆங்கிலத்தில் அது மேலே சொன்ன அணு ஆயுத ஆய்வகத்தின் முழுப் பெயரை அப்படியே நினைவூட்டும். லிவர்மோர் வாழ்ந்த இடமோ நகரம் அல்ல. வடக்கே பல மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள மெண்டசீனோ மாவட்டத்து மலைக்காடு. அங்கே அவர் நடத்திய தி லுக்அவுட்ஸ் குழுவில் டிரம்ஸ் வாசிக்கப் பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவனைச் சேர்த்து, அவனுக்கு ட்ரே கூல் என்று பெயரிட்டார். சேர்ந்தபோது அவனுக்கு வயது 12. கிரீன் டே குழுவின் டிரம்ஸ் கலைஞராக உலகம் பின்னர் அறிந்தவர் அவர்தான்.

1988ஆம் ஆண்டு ஜனவரியில் லுக்அவுட் ஒரே மூச்சில் நான்கு ஏழு அங்குல இசைத்தட்டுகளை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று ஆபரேஷன் ஐவியின் 'ஹெக்டிக்', ஆறு பாடல்கள். முதல் அச்சு 1,000 பிரதிகள். அது வேகமாகத் தீர்ந்து மறு அச்சுக்குப் போனது. நிறுவனத்துக்கும் குழுக்களுக்கும் இடையே வக்கீல் எழுதிய ஒப்பந்தம் எதுவும் கிடையாது. செலவு போக வரும் லாபத்தில் 60 விழுக்காடு குழுவுக்கு, 40 விழுக்காடு நிறுவனத்துக்கு என்பதுதான் பேச்சு. பெரிய இசை நிறுவனங்கள் கலைஞர்களுக்குக் கொடுத்துவந்த பங்கோடு ஒப்பிட்டால் இது தாராளம் என்றே சொல்ல வேண்டும். வாய்ப்பேச்சு எத்தனை காலத்துக்குத் தாங்கும் என்பது வேறு கேள்வி. அது கீழே வருகிறது.

வெளியூர்களிலும் வாசித்தார்களா?

1988இல் ஒருமுறை நாடு முழுவதும் சுற்றினார்கள். குழுவும் கருவிகளும் ஒரு பழைய கிரைஸ்லர் காருக்குள் அடைந்துகொண்டு, ஏறத்தாழ ஆறு வாரங்கள், பெரும்பாலும் வீட்டு நிலவறைகளிலும் சிறு கூடங்களிலும் வாசித்தார்கள். அதற்குப் பின் அத்தகைய நெடும்பயணம் எதுவும் அமையவில்லை.

'எனர்ஜி' தொகுப்பின் கதை என்ன?

இவர்களுடைய ஒரே முழுநீளத் தொகுப்பு 'எனர்ஜி', 19 பாடல்கள், 1989இல் வெளிவந்தது. மேடையில் இருந்த சூடு பதிவிலும் இருக்க வேண்டும் என்று எண்ணி, முதலில் கில்மேன் அரங்கிலேயே வைத்துப் பதிவு செய்து பார்த்தார்கள். விளைவு யாருக்கும் பிடிக்கவில்லை. ஆட்கள் நிறைந்த அறையின் உணர்ச்சியை ஆட்கள் இல்லாத அறையில் பதிவு செய்ய முடியாது என்பது பிறகுதான் புரிந்ததுபோலும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, சான் ஃபிரான்சிஸ்கோவில் சவுண்ட் அண்ட் விஷன் என்ற ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்று, 'ஹெக்டிக்'கைப் பதிவு செய்த கெவின் ஆர்மியைக் கொண்டே மீண்டும் தொடங்கினார்கள்.

பதிவின் தரம் சுமார்தான். டிரம்ஸ் சில இடங்களில் தகர டப்பாவைப் போல ஒலிக்கிறது. ஜெஸ்ஸியின் குரல் கரகரத்து, சுருதியை விட்டுச் சில சமயம் நழுவுகிறது. மெருகேற்றியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமா என்று கேட்டால், இருந்திருக்காது என்பதே என் எண்ணம். மூச்சு வாங்கும் வேகத்தில் சொற்களை அள்ளிக் கொட்டும் அந்தக் குரலில் 19 வயதின் அவசரம் இருக்கிறது; அதைச் சீர்செய்தால் பாட்டே போய்விடும்.

ஏன் கலைந்தார்கள்? சண்டையா?

ஊரறிந்த சண்டை எதுவும் நடக்கவில்லை. கூட்டம் பெருகியது, பெரிய நிறுவனங்களின் பார்வை பட ஆரம்பித்தது, அந்தக் கவனம் ஜெஸ்ஸி மைக்கேல்ஸுக்கு ஒத்துவரவில்லை என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் காரணம். ஆம்ஸ்ட்ராங்கும் ஃப்ரீமனும் இசையையே வாழ்க்கையாக்கிக்கொள்ள விரும்பியவர்கள் என்பது அவர்களது பிற்கால வரலாற்றிலிருந்தே தெளிவாகிறது. மைக்கேல்ஸுக்கு அந்த விருப்பம் அதே அளவில் இருக்கவில்லை.

இதைக் கொள்கைத் தியாகமாகச் சித்திரிக்கும் போக்கு ரசிகர்களிடையே உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சில நூறு பேர் நிற்கக்கூடிய ஓர் அறைக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டை இந்தக் குழு. ஒருவரையொருவர் முகம் தெரிந்த கூட்டத்தைப் பார்த்துப் பாட எழுதிய வரிகளை, முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு முன்னால் பாடும்போது பாடகருக்கே அந்நியமாகிப்போவது இயல்புதான். வளர்வதா, சிறியதாகவே தொடர்வதா என்ற கேள்விக்கு நால்வரிடமும் ஒரே விடை இருக்கவில்லை. 20 வயதையொட்டியவர்கள் அப்படிப்பட்ட இடத்தில் பிரிந்து போவதில் மர்மம் ஒன்றும் இல்லை.

கடைசி நிகழ்ச்சியில் கிரீன் டே வாசித்தது உண்மையா?

உண்மை. 1989ஆம் ஆண்டு மே 28 அன்று கில்மேனில் நடந்த கடைசிப் பொது நிகழ்ச்சியில், அதுவரை ஸ்வீட் சில்ட்ரன் என்ற பெயரில் இருந்த பதின்வயதுக் குழு ஒன்று புதிய பெயரான கிரீன் டேயில் மேடையேறியது. அரங்கு பிதுங்கி வழிந்தது. அதன் பிறகு ஒரு நண்பரின் வீட்டுக் கொல்லைப்புற விருந்தில் ஆபரேஷன் ஐவி இன்னொருமுறை வாசித்துவிட்டுக் கலைந்தது. கார்க் கொட்டகையில் ஆரம்பித்துக் கொல்லைப்புறத்தில் முடிந்த குழு என்று அவர்களுடைய ரசிகர்கள் சொல்வதில் மிகை இல்லை. கிரீன் டே அடுத்த ஆண்டே 'ஸ்லாப்பி' என்ற தட்டில் ஆபரேஷன் ஐவியின் 'நாலெட்ஜ்' பாடலைத் தானும் பதிவு செய்தது. பிற்காலத்தில் மாபெரும் திடல்களில் ரசிகர்களை மேடைக்கு அழைத்து, கிட்டாரைக் கையில் கொடுத்து, அதே பாடலை வாசிக்க வைத்தது.

குழு கலைந்த பிறகுதான் புகழ் வந்தது என்கிறார்களே?

ஆம். 1991இல் லுக்அவுட் 'எனர்ஜி'யின் 19 பாடல்களையும் 'ஹெக்டிக்'கின் 6 பாடல்களையும் பழைய தொகுப்பின் 2 பாடல்களையும் ஒரே குறுந்தகட்டில் சேர்த்து, குழுவின் பெயரையே தலைப்பாக்கி வெளியிட்டது. இன்று பெரும்பாலானோர் அறிந்தது இந்த வடிவத்தைத்தான். 1994இல் கிரீன் டேயின் 'டூக்கி' பல லட்சக்கணக்கில் விற்றபோது, அந்தக் குழு எங்கிருந்து வந்தது என்று தேடிய சிறுவர்கள் லுக்அவுட்டின் பட்டியலைக் கண்டுபிடித்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் கலைந்துபோன ஒரு குழுவின் குறுந்தகடு, விளம்பரமோ சுற்றுப்பயணமோ வீடியோவோ இல்லாமல், வாய்வழிச் சொல்லாலேயே தொடர்ந்து விற்றது.

லுக்அவுட் நிறுவனத்துடன் ஏற்பட்ட பணத் தகராறு பற்றி?

சுயாதீன இசை என்றாலே கணக்கு சுத்தமாக இருக்கும் என்று நம்புபவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். லிவர்மோர் 1997இல் நிறுவனத்தை விட்டு வெளியேறினார். அதன்பின் நிறுவனம் புதிய குழுக்களுக்கு அதிகமாகச் செலவழித்தது. அந்தச் செலவு விற்பனையாகத் திரும்பி வரவில்லை. பழைய தொகுப்புகளின் வருமானமே நிறுவனத்தைத் தாங்கி நின்றது. ஆனால் அந்தப் பழைய தொகுப்புகளை உருவாக்கியவர்களுக்குச் சேர வேண்டிய ராயல்டி நிலுவையில் நின்றது. 2005இல் கிரீன் டே தன் ஆரம்பகால இசைத்தட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு ஆபரேஷன் ஐவியும் அவ்வாறே செய்தது. 2007இல் அத்தொகுப்பை மறுவெளியீடு செய்த ஹெல்கேட் ரெக்கார்ட்ஸ், டிம் ஆம்ஸ்ட்ராங் எபிடாஃப் நிறுவனத்தின் துணையோடு தொடங்கி நடத்திவந்த நிறுவனமே. தூண்கள் இரண்டும் போன பின் லுக்அவுட் சில ஆண்டுகள் தள்ளாடி, 2012இல் மூடப்பட்டது.

இதில் கவனிக்கத்தக்க ஒரு நுணுக்கம் உண்டு. எழுத்து ஒப்பந்தத்தின் பலம் இல்லாதது குழுக்களுக்குப் பணம் தாமதமாக ஒரு வகையில் வழிவிட்டது. ஆனால் பாடல்களை நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிடாததால்தான் அவர்களால் தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியேறவும் முடிந்தது. பெரிய நிறுவனங்களில் கையெழுத்திட்ட பலருக்கு அந்த வழி கிடையாது.

உறுப்பினர்கள் பின்னர் என்ன ஆனார்கள்?

ஆம்ஸ்ட்ராங்கும் ஃப்ரீமனும் டவுன்ஃபால், டான்ஸ் ஹால் கிராஷர்ஸ் ஆகிய குழுக்களில் குறுகிய காலம் இருந்தபின் 1991இல் ரான்சிட் குழுவைத் தொடங்கினர். 1995இல் வந்த அதன் '...அண்ட் அவுட் கம் த வுல்வ்ஸ்' தொகுப்புக்கு முன், பெரிய நிறுவனங்கள் பெட்டியோடு வாசலில் வந்து நின்றும் அவர்கள் சுயாதீன நிறுவனமான எபிடாஃபிலேயே தொடர்ந்தார்கள். அந்தத் தொகுப்பில் 'ஜர்னி டு தி எண்ட் ஆஃப் தி ஈஸ்ட் பே' என்ற பாடல் ஆபரேஷன் ஐவியின் தொடக்கத்தையும் முடிவையும் பற்றியது. குழுவின் வரலாற்றை உள்ளிருந்தவரே சொன்ன மிகச் சுருக்கமான ஆவணம் என்று அதைக் கொள்ளலாம்.

ஜெஸ்ஸி மைக்கேல்ஸ் பல ஆண்டுகள் இசையிலிருந்து விலகியிருந்தார். பின்னர் காமன் ரைடர், கிளாசிக்ஸ் ஆஃப் லவ் ஆகிய குழுக்களில் பாடினார். தந்தையின் வழியில் எழுத்திலும் இறங்கி 2013இல் ஒரு நாவல் வெளியிட்டார்.

1990களின் ஸ்கா பங்க் அலைக்கு இவர்கள்தான் காரணமா?

முழுக் காரணம் என்று சொன்னால் மற்றவர்களுக்கு அநீதி. லாஸ் ஏஞ்சலஸில் ஃபிஷ்போனும் பாஸ்டனில் மைட்டி மைட்டி பாஸ்டோன்ஸும் ஆபரேஷன் ஐவிக்கு முன்பே ஸ்காவையும் முரட்டு ராக்கையும் கலந்துகொண்டிருந்தன. ஆனால் மூன்று கருவிகளும் ஒரு குரலும் போதும், ஊதுகருவிக்காரர்களைத் தேடி அலைய வேண்டாம் என்று கார்க் கொட்டகைச் சிறுவர்களுக்குக் காட்டியது இந்தக் குழுதான். வானொலியில் புகழ்பெற்ற ஸ்கா பங்க் பாடல்கள் பெரும்பாலும் கேலியும் கும்மாளமுமாக இருந்தன. 1990களின் இறுதியில் அந்த மோகம் வடிந்தபோது அவையும் கூடவே போய்விட்டன. ஆபரேஷன் ஐவியின் மற்றொரு பக்கமான சுயாதீன நடைமுறையை எடுத்துக்கொண்டவர்களே நீடித்தார்கள். அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, அதே விரிகுடாப் பகுதியைச் சேர்ந்த மைக் பார்க் 1996இல் தொடங்கிய ஏசியன் மேன் ரெக்கார்ட்ஸ். தாயாரின் வீட்டுக் கார்க் கொட்டகையிலிருந்தே அதை அவர் நடத்திவருகிறார்.

மீண்டும் ஒன்றுசேர்வார்களா?

1989க்குப் பின் ஆபரேஷன் ஐவி என்ற பெயரில் நால்வரும் சுற்றுப்பயணம் சென்றதில்லை. கேட்டால் கோடிகள் கொடுக்க விழா அமைப்பாளர்கள் தயாராக இருக்கும் காலத்திலும் அதற்கு அவர்கள் இணங்கவில்லை. ஆனால் 2023இல் ஆம்ஸ்ட்ராங்கும் மைக்கேல்ஸும் பேட் ஆப்டிக்ஸ் என்ற புதிய பெயரில் சேர்ந்து 'ரெய்டு' என்ற பாடலை வெளியிட்டார்கள். பழைய பெயரைத் தொடாமல் புதிய பெயர் வைத்துக்கொண்டது எனக்குச் சரியாகவே படுகிறது.

எந்தப் பாடலிலிருந்து தொடங்கலாம்?

'நாலெட்ஜ்' பாடலிலிருந்து. இரண்டு நிமிடம்கூட ஓடாத அது, இனி என்ன செய்யப்போகிறாய் என்று விசாரிக்கும் பெரியவர்களுக்குத் தன் அறியாமையையே துணிந்து விடையாக வைக்கும் இளைஞனின் பாட்டு. அதை முடித்தவுடன் வரிசையில் அடுத்து வரும் 'சவுண்ட் சிஸ்டம்' பாடலை நிறுத்தாமல் கேளுங்கள். கிங்ஸ்டன் தெருவின் ஒலிபெருக்கி வண்டிக்குரிய பெயரை முப்பது ஆண்டுகள் கழித்துப் பெர்க்லியின் வெள்ளைக்காரச் சிறுவர்கள் தங்கள் பாட்டுக்கு வைத்திருக்கிறார்கள். முதல் அடியில் கிட்டார் அரை இடம் தள்ளி விழுவதைக் காலால் தட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். பல்லவியில் அது இரைச்சலாக மாறும் இடத்தில், உங்கள் கால் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று பாருங்கள்.